முதுகில் மண் படாத காமா!

டி.வி.யில் மல்யுத்தம் பார்ப்பதென்றால் உங்களில் பலருக்குக் கொள்ளை ஆசை, இல்லையா குழந்தைகளே? கண்ணைப் பறிக்கும் விளக்குகள், காதைப் பிளக்கும் இசை, கயிற்றின் மேலேறித் தாவிக் குதிக்கும் வீரர்கள்... பார்க்கப் பார்க்க உற்சாகம்தான். ஆனால், அந்தப் போட்டிகளில் ஜெயிக்கப் போவது யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து விடுகிறார்கள். அவர்கள் செய்யும் பயிற்சி நிஜம். உடம்பில் படும் அடியும் பல நேரம் நிஜம். முடிவு மட்டும் சினிமா சண்டையைப் போல ஏற்பாடு செய்யப்பட்டது.

முடிவு யாருக்குமே தெரியாத மல்யுத்தமும் உண்டு. அப்படிப்பட்ட கோதாவில் பல பத்தாண்டுகள் நின்று, ஒருமுறைகூடத் தோற்காதவர் என்று பெயர் எடுத்த வீரர் ஒருவர் நம் மண்ணில் பிறந்தார். அவர்தான் காமா பயில்வான்!

காமா வாழ்க்கையில் வெற்றிகள் ஏராளம். ஆனால், மறக்க முடியாத போட்டிகள் எவை என்று பார்த்தால், அவற்றில் இரண்டு, அவர் ஜெயிக்காத போட்டிகள்! இன்னொன்று, கோதாவிலேயே நடக்காதது! ஆச்சரியமாக இருக்கிறதா? மேலே படியுங்கள்.

தந்தையை இழந்த சிறுவன்

காமாவின் முழுப்பெயர் குலாம் முகமது பக்ஷ். பிறந்தது 1878ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி. பஞ்சாபில் அமிர்தசரஸ் பகுதியைச் சேர்ந்த மல்யுத்தக் குடும்பம் அவருடையது. தந்தை அஜீஸ் பக்ஷும் மல்யுத்த வீரர்தான். இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள தாத்தியா, அந்தக் காலத்தில் ஒரு சிறிய சமஸ்தானம். அந்த அரண்மனையின் ஆதரவில் அவர் இருந்தார்.

காமாவுக்கு ஆறு வயது இருக்கும்போது தந்தை இறந்து போனார். தாய்வழித் தாத்தாவும், அவருக்குப் பிறகு மாமாவும் சிறுவனை வளர்த்தார்கள். இருவருமே பயில்வான்கள்! மற்றக் குழந்தைகள் கோலி விளையாடும் வயதில், காமா தண்டாலும் பஸ்கியும் எடுக்கக் கற்றுக் கொண்டார். தரையில் கைகளை ஊன்றி உடம்பைத் தாழ்த்தி உயர்த்துவது தண்டால். தோப்புக்கரணம் போல உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது பஸ்கி.

1888ஆம் ஆண்டு ஜோத்பூர் மகாராஜா ஒரு விநோதமான போட்டி வைத்தார். நாடெங்கும் இருந்து பயில்வான்கள் வந்து குவிந்தார்கள். 400 பேருக்கும் மேல் இருக்கும். எல்லாரும் பஸ்கி எடுக்க வேண்டும். யார் கடைசி வரை நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதுதான் போட்டி. ஒவ்வொருவராகக் களைத்து உட்கார்ந்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் 15 பேர். அந்த 15 பேரில் ஒருவன் 10 வயதுச் சிறுவன்... காமா!

மீசை முறுக்கிய பயில்வான்களுக்கு நடுவே அந்தப் பொடியனைப் பார்த்து மகாராஜா அசந்து போனார். வயதைக் கருதி அவனையே வெற்றி பெற்றவனாக அறிவித்தார். அதன்பின் தாத்தியா மகாராஜா காமாவைத் தன் ஆதரவில் எடுத்துக்கொண்டு, முறையாகப் பயிற்சி பெற ஏற்பாடு செய்தார்.

நாள் முழுக்கப் பயிற்சி

நம் நாட்டு மல்யுத்தம் மெத்தையில் நடப்பதல்ல, மண்ணில் நடப்பது. மண்ணைச் சலித்து, மஞ்சள், எண்ணெய், மோர் எல்லாம் கலந்து, மிருதுவாகப் பதப்படுத்தி வைப்பார்கள். அதுதான் கோதா. எதிராளியை மல்லாக்கச் சாய்த்து, அவரது தோள்கள் இரண்டையும் மண்ணில் படச் செய்தால் வெற்றி. முதுகில் மண் ஒட்டினால் தோல்வி. சட்டம் அவ்வளவுதான்.

காமாவின் தினசரிப் பயிற்சியைப் பற்றிச் சொல்லப்படும் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். ஒரு நாளைக்கு 5,000 பஸ்கி, 3,000 தண்டால், அதோடு 40 பயில்வான்களுடன் பயிற்சி மல்யுத்தம் என்று சொல்வார்கள். பாலும் பாதாமும் நெய்யும் அவரது முக்கிய உணவுகள். கழுத்தில் மாட்டிக் கொண்டு பஸ்கி எடுப்பதற்காகவே வளையம் போன்ற ஒரு பெரிய எடையும் உண்டு. அவர் பயன்படுத்திய அத்தகைய வளையம் ஒன்று, பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவன அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் எடை சுமார் 95 கிலோ!

இவ்வளவுக்கும் காமா உயரமானவர் அல்ல. ஐந்தே முக்கால் அடிகூட இல்லை. இந்த உயரம் அவருக்கு எத்தனை சோதனைகளைக் கொண்டு வந்தது என்று பின்னால் பார்க்கப் போகிறீர்கள்.

ஏழடி மனிதரோடு மோதல்

அந்தக் காலத்தில் இந்தியாவின் தலைசிறந்த பயில்வான் என்று பெயர் பெற்றிருந்தவர் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. குஜ்ரன்வாலா ஊர்க்காரர். உயரம் ஏறக்குறைய 7 அடி! எதிரே வந்து நின்றாலே பாதிப் பேருக்கு உதறல் எடுத்துவிடும்.

அவரை எதிர்த்து நின்றபோது காமாவுக்கு வயது 17. பார்த்தவர்களுக்கு ஒட்டகத்தின் முன்னே ஆட்டுக்குட்டி நிற்பது போல் இருந்திருக்கும். சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முடியவில்லை. மணிக்கணக்கில் நீடித்தது. முதலில் தற்காத்துக் கொண்டு ஆடிய காமா, போகப் போகத் தாக்க ஆரம்பித்தார். மூக்கிலும் காதிலும் ரத்தம் வழிந்தும் அவர் விலகவில்லை. கடைசியில் இருவருமே சாயவில்லை. போட்டி சமன்!

காமா ஜெயிக்காத முதல் பெரிய போட்டி இதுதான். ஆனால், ஊர் முழுக்க அவர் பெயரைப் பேச வைத்ததும் இதே போட்டிதான்.

அடுத்த சில ஆண்டுகளில் நாட்டின் பெரிய பயில்வான்கள் ஒவ்வொருவராகக் காமாவிடம் தோற்றார்கள். 1910ஆம் ஆண்டு வந்தபோது, அவரால் வீழ்த்த முடியாதவர் என்று மிச்சமிருந்தவர் ஒரே ஒருவர். அந்த ஏழடி ரஹீம் பக்ஷ்தான். அந்தக் கணக்கை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுக் காமா கப்பல் ஏறினார்.

லண்டனில் காமா

அப்போது நம் நாடு பிரிட்டிஷாரின் ஆட்சியில் இருந்தது. உலக மல்யுத்த வீரர்கள் எல்லாம் லண்டனில் கூடியிருந்தார்கள். சரத் குமார் மித்ரா என்ற வங்காளச் செல்வந்தர் பணம் கொடுத்து உதவ, காமாவும் அவர் தம்பி இமாம் பக்ஷும் 1910இல் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். இமாம் பக்ஷும் பெயர் பெற்ற பயில்வான்தான்.

அங்கே போனால் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. உயரம் போதாது என்று காமாவைப் போட்டியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. கடல் கடந்து வந்தவர் வெறுங்கையோடு திரும்புவாரா? பகிரங்கமாக ஒரு சவால் விட்டார். எந்த எடையுள்ள வீரராக இருந்தாலும் சரி, மூன்று பேரை 30 நிமிடங்களுக்குள் சாய்த்துக் காட்டுவேன் என்பதுதான் அந்தச் சவால்.

முதலில் இதை யாரும் நம்பவில்லை. வெறும் விளம்பரம் என்று சிரித்தார்கள். பிறகு, பெஞ்சமின் ரோலர் என்ற அமெரிக்க வீரர் முன்வந்தார். இவர் ஒரு டாக்டரும்கூட. காமாவைவிட உயரம் அதிகம். முதல் சுற்றில் 2 நிமிடங்களுக்குள் டாக்டரின் தோள்கள் மெத்தையில் பட்டன. இரண்டாவது சுற்று சுமார் 10 நிமிடங்கள்தான் நீடித்தது. சிரித்தவர்களின் வாய் மூடிக் கொண்டது!

குப்புறப் படுத்த வீரர்

அடுத்து வந்தவர்தான் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ. போலந்து நாட்டுக்காரர். உலகின் முன்னணி வீரர்களில் ஒருவர். எடை 110 கிலோவுக்கும் மேல். காமாவோ சுமார் 90 கிலோ. ஜான் புல் என்ற ஆங்கிலப் பத்திரிகை, வெற்றி பெறுபவருக்கு உலகச் சாம்பியன் பெல்ட் தருவதாக அறிவித்திருந்தது. 250 பவுன் பரிசுப் பணம் வேறு.

1910 செப்டம்பர் 10ஆம் தேதி. லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் உள்ள பெரிய மைதானம். 1908இல் ஒலிம்பிக் போட்டிகள் நடந்த அதே இடம்! போட்டி தொடங்கிய சற்று நேரத்திலேயே காமா, ஸ்பிஸ்கோவைக் கீழே தள்ளிவிட்டார். அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை.

ஸ்பிஸ்கோ அநேகமாக எழுந்திருக்கவே இல்லை! மெத்தையில் குப்புறப் படுத்து, கை கால்களை அழுத்தி ஊன்றிக் கொண்டார். தோள்கள் இரண்டும் தரையில் பட்டால்தானே தோல்வி? குப்புறப் படுத்தவரின் தோள் எப்படிப் படும்? புரட்டினால்தான் உண்டு. 110 கிலோ எடையுள்ள ஒருவர் பிடிவாதமாகத் தரையோடு ஒட்டிக் கொண்டால், புரட்டுவது லேசான காரியமா? குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நம் ஊரில் கேலியாகச் சொல்வார்கள். ஸ்பிஸ்கோவுக்கு அன்று அதுவே தந்திரமாகிவிட்டது!

காமா இழுத்தார், தள்ளினார், புரட்டிப் பார்த்தார். ஸ்பிஸ்கோ அசையவில்லை. பார்க்க வந்தவர்கள் சலித்துப் போய்க் கூச்சல் போட்டார்கள். இப்படியே இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. கடைசியில் போட்டி சமன் என்று அறிவித்தார்கள். காமா ஜெயிக்காத இரண்டாவது பெரிய போட்டி இது!

ஸ்பிஸ்கோ செய்தது கோழைத்தனம் என்று அன்று பலர் திட்டினார்கள். ஆனால், விதிமுறைக்கு உட்பட்டே அவர் அப்படிச் செய்தார். தன்னைவிடத் திறமைசாலி எதிரே நிற்கிறார் என்று புரிந்துகொண்டதால்தான் அந்தத் தந்திரத்தில் இறங்கினார். அந்த வகையில் பார்த்தால், அதுவே காமாவுக்குக் கிடைத்த பாராட்டுதான்!

மறுபடி மோதுவதற்கு செப்டம்பர் 17ஆம் தேதி குறிக்கப்பட்டது. காமா வந்து காத்திருந்தார். ஸ்பிஸ்கோ வரவே இல்லை. பெல்ட் காமாவுக்கு வழங்கப்பட்டது. ஆண்டவர்களின் தலைநகரிலேயே ஓர் இந்தியர் உலகச் சாம்பியன் பெல்ட்டை வென்ற செய்தி, நம் நாட்டு மக்களைத் தலைநிமிர வைத்தது.

முதல் கணக்கு தீர்ந்தது

நாடு திரும்பிய சிறிது காலத்தில் காமா, அலகாபாத்தில் மீண்டும் ரஹீம் பக்ஷை எதிர்கொண்டார். 17 வயதில் தொடங்கிய கணக்கு இது. ரஹீமுக்கு வயது ஏறியிருந்தாலும் வலிமை குறையவில்லை. நீண்ட நேரப் போராட்டத்துக்குப் பிறகு வெற்றி காமாவின் பக்கம் வந்தது. ருஸ்தம் என்பவர் பாரசீகக் கதைகளில் வரும் மாவீரர். அவர் பெயரை வைத்து, இந்தியாவின் ருஸ்தம் என்று பொருள்படும் ருஸ்தம்-இ-ஹிந்த் என்ற பட்டம் காமாவுக்குக் கிடைத்தது.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். தன்னோடு மோதியவர்களில் மிக வலிமையானவர் யார் என்று பிற்காலத்தில் கேட்டபோது, காமா சொன்ன பெயர் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. எதிராளியை மதிக்கத் தெரிந்தவரே உண்மையான வீரர்.

17 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்த கணக்கு

இனி மிச்சமிருந்தது ஸ்பிஸ்கோ. அவர் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போய் 1921லும் 1925லும் உலகச் சாம்பியன் பட்டம் வென்றிருந்தார். காமா பாட்டியாலா மகாராஜாவின் ஆதரவில் இருந்தார். 1922இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசர், காமாவுக்கு வெள்ளியால் ஆன கதாயுதம் ஒன்றைப் பரிசளித்தார்.

1928 ஜனவரி மாதம் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். காமாவுக்கு 49 வயது. ஸ்பிஸ்கோவும் அவர் வயதை ஒட்டியவர்தான். பல்லாயிரக்கணக்கான மக்கள் சுற்றிலும் கூடி இருந்தார்கள். இந்த முறை மெத்தை இல்லை. நம் ஊர் மண். ஸ்பிஸ்கோவுக்குப் பழக்கமில்லாத தரை.

லண்டனில் நடந்தது போல மணிக்கணக்கில் இழுக்குமோ என்று கூட்டம் காத்திருந்தது. இருவரும் நெருங்கினார்கள். ஒரு பிடி... ஒரு வீச்சு... ஸ்பிஸ்கோ மல்லாந்து கிடந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை! இரண்டரை மணி நேரத்தில் முடியாதது, 17 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் காமா பயிற்சியை விட்டிருந்தால் இது நடந்திருக்குமா? பெல்ட்தான் கிடைத்துவிட்டதே என்று உட்கார்ந்திருந்தால்? 10 வயதில் ஜோத்பூரில் பஸ்கி எடுத்தபோது இருந்த பிடிவாதம், 49 வயதிலும் அவரிடம் இருந்தது.

கோதா இல்லாத போட்டி

இனி, நான் முதலில் சொன்ன அந்த இன்னொரு போட்டி.

1947இல் நாடு சுதந்திரம் பெற்றது. கூடவே இந்தியா, பாகிஸ்தான் என்று இரண்டாகப் பிரிந்தது. பஞ்சாபின் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள்கூட மதத்தின் பெயரால் ஒருவரையொருவர் தாக்கிக் கொண்டார்கள். கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். லட்சக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். எல்லையின் இரு பக்கமும் இதே கொடுமை.

அப்போது காமா லாகூரில் இருந்தார். லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. அவர் குடியிருந்த தெருவில் இந்துக் குடும்பங்களும் இருந்தன. அந்தக் குடும்பங்களைத் தாக்க ஒரு கும்பல் வந்தபோது, காமா தன் பயில்வான்களோடு வந்து தெருவில் குறுக்கே நின்றார். அவருக்கு அப்போது 69 வயது. உலகத்தையே ஜெயித்த காமாவைத் தாண்டி உள்ளே போக யாருக்கும் துணிவு வரவில்லை. கும்பல் கலைந்தது. பிறகு அந்தக் குடும்பங்கள் எல்லை வரை பத்திரமாகப் போய்ச் சேர வழிசெய்து, சில நாட்களுக்கான உணவுப் பொருள்களையும் தன் செலவிலேயே கொடுத்து அனுப்பினார். அவருடைய குடும்பத்தார் பெருமையோடு சொல்லி வரும் செய்தி இது.

காமா ஏன் அப்படிச் செய்தார்? அவர் வாழ்க்கையைத் திரும்பிப் பாருங்கள். தந்தையை இழந்த முஸ்லிம் சிறுவனை ஆதரித்தவர் ஓர் இந்து மகாராஜா. லண்டனுக்கு அனுப்பி வைத்தவர் ஒரு வங்காள இந்து. பாட்டியாலாவில் ஆதரவு தந்தவர் ஒரு சீக்கிய மகாராஜா. கோதாவில் இறங்கியவர்களின் உடம்பில் ஒட்டியது எல்லாருக்கும் ஒரே மண்தான். அப்படி வளர்ந்தவருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று எதிரி ஆகிவிட முடியுமா?

கடைசிக் காலம்

காமாவின் கடைசி ஆண்டுகள் கஷ்டமானவை. ஆதரித்த சமஸ்தானங்கள் போய்விட்டன. முதுமையில் ஆஸ்துமாவும் இதய நோயும் அவரை வாட்டின. கையில் பணம் இல்லை. பாகிஸ்தான் அரசு உதவியது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து, இந்தியத் தொழிலதிபர் ஜி.டி.பிர்லாவும் அவருக்குப் பண உதவி செய்தார். பிரிந்த நாடுகள் இரண்டுமே அவரைத் தங்கள் பயில்வானாக நினைத்தன!

1960 மே 23ஆம் தேதி, தன் 82ஆவது பிறந்த நாளுக்கு மறுநாள், காமா லாகூரில் காலமானார்.

அவர் பெயர் மறையவில்லை. குங்ஃபூ வீரரான புரூஸ் லீ, காமாவின் பயிற்சிகளைப் பற்றிப் படித்து, அவற்றைத் தானும் செய்து பார்த்தார். 2022 மே 22ஆம் தேதி, காமாவின் பிறந்த நாளன்று, கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து வைத்துச் சிறப்பித்தது.

குழந்தைகளே! நீங்கள் எல்லாரும் 5,000 பஸ்கி எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், ஒரு தேர்விலோ, ஓட்டப் பந்தயத்திலோ நினைத்த வெற்றி கிடைக்காவிட்டால் சோர்ந்து போகாதீர்கள். காமாவுக்கும் இரண்டு முறை அப்படி நடந்தது. அவர் பயிற்சியை விடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். உங்கள் வகுப்பிலேயே பலசாலி நீங்கள் என்றால், அந்தப் பலத்தை நோஞ்சானாக இருக்கும் நண்பனிடம் காட்டாதீர்கள். அவனை யாராவது மிரட்ட வந்தால், அவனுக்கு முன்னால் போய் நில்லுங்கள். காமா பயில்வான் தன் தெருவில் நின்றாரே, அதைப் போல!